பரண் அல்லாத லாஃப்ட்

நம் ஊரில் லாஃப்ட் என்றால் பரண்தான். பழைய அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, யாரும் தொடாத டிரங்குப் பெட்டி எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். நியூயார்க்கில் அதன் பொருளே வேறு. தொழிற்கூடக் கட்டடத்தில் தடுப்புச் சுவர் இல்லாத ஒரு முழு மாடிக்கு அந்தப் பெயர். வெளிச்சமும் விசாலமுமாக 'லாஃப்ட் வீடு' என்று இப்போது விளம்பரம் செய்கிறார்களே, அது பேர்பெற்றது அங்குள்ள சோஹோ பகுதியில்தான்.

அந்த வெளிச்சம் குடியிருக்க வந்தது அல்ல, வேலைக்காக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே வார்ப்பிரும்பு முகப்பு வைத்துக் கட்டினார்கள். தூணும் இரும்பு. கனத்த சுவர் தேவைப்படாததால் ஜன்னல்களைப் பெரிதாக வைக்க முடிந்தது. மின்விளக்கு வராத காலம், பகல் வெளிச்சத்தில்தான் வேலை நடக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. காலியான மாடிகளுக்கு ஓவியர்களும் சிற்பிகளும் வந்தார்கள். வாடகை மலிவு, பெரிய படம் வரைய இடம். ஆனால் தொழிற்பகுதியில் குடியிருப்பது சட்டவிரோதம். குழாய், கழிப்பறை, அடுப்பு எல்லாம் சொந்தக் காசில் போட்டுக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தார்கள். தீ விபத்துகள் அதிகம் என்பதால் தீயணைப்பு வீரர்கள் அந்தப் பகுதிக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரிய, 1961 முதல் வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று பலகை மாட்டச் சொன்னது நகர நிர்வாகம். நமக்கு வானொலி ஞாபகம் வரும். அங்கே 'கலைஞர் குடியிருக்கிறார்' என்று அர்த்தம்.

அதே சமயம் ராபர்ட் மோசஸ் அந்தப் பகுதியைப் பிளந்து விரைவுச்சாலை போடப் பார்த்தார். ஜேன் ஜேக்கப்ஸ் போன்றவர்கள் விடாமல் எதிர்த்து, 1969இல் அது கைவிடப்பட்டது. 1971இல் சான்று பெற்ற கலைஞர்கள் குடியிருக்க அனுமதி கிடைத்தது.

அதன் பிறகுதான் வேடிக்கை. இடம் அழகானதும் பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது. உழைத்துச் சீராக்கியவனையே உரிமையாளர் வெளியே போ என்றால் என்ன செய்வது? இப்படிப்பட்ட லாஃப்ட் குடித்தனக்காரர்களைக் காக்க 1982இல் மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் கட்டடத்தை விதிப்படி சீரமைக்கும் செலவில் ஒரு பங்கு வாடகையோடு அவர்கள் தலையிலேயே விழுந்தது.

சொந்தமாக வாங்கியவர்கள் தப்பித்தார்கள். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை 68,000 டாலருக்கு வாங்கினார். மாடிகளைத் தடுக்காமல் அப்படியே விட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார். 2013 முதல் அதைப் பொதுமக்கள் பார்க்கலாம்.