பழவேற்காட்டு நகல்களும் வீட்டு ஹார்ட் டிஸ்க்கும்

பழவேற்காடுன்னா நம்மாளுங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது பூநாரையும் டச்சுக்காரங்க கல்லறையும். (எனக்கு மூணாவதா இறாலும்!) இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. அந்த ஊரைப் பத்தி எழுதி வச்ச காகிதங்கள் எப்படித் தப்பிப் பிழைச்சதுன்னு கொஞ்சம், உங்க வீட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பத்திக் கொஞ்சம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க, வரேன்.

முதல்ல வரலாறு, சுருக்கமா. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல பழவேற்காட்டுல கால் ஊன்றியது. 1612ல போர்த்துகீசியர்கள் வந்து அடிச்சாங்க. 1613ல கெல்டிரியா கோட்டை எழும்பியது. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களுக்கு அதுதான் தலைமையிடம், அப்புறம் நாகப்பட்டினம். அந்த நாகப்பட்டினமும் 1781ல ஆங்கிலேயர் கைக்குப் போயிடுச்சு. நடுவுல பழவேற்காடு பலமுறை கை மாறி, 1825ல ஒரேயடியா ஆங்கிலேயருக்குப் போனது. கோட்டை இன்னைக்குப் புதர் மண்டிக் கிடக்கு. பக்கத்துல கோட்டைக்குப்பம்ங்கற ஊர்ப் பேர்ல மட்டும் கோட்டை நல்லா இருக்கு :-)

இந்தத் துறைமுகத்துல இருந்து துணி போச்சு, வெடிமருந்து போச்சு. மனுஷங்களும் போனாங்க, அடிமைகளா, பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா). கம்பெனி அதிகாரிக்குக் கல்லறையில செதுக்கின கல் இருக்கு. தறி நெய்தவனுக்கும் கப்பல்ல ஏத்தப்பட்டவளுக்கும் கல் கிடையாது. எங்கயாவது ஒரு கணக்குல ஒரு வரியா இருந்தாத்தான் உண்டு. அந்தக் காகிதம் அழிஞ்சா அவங்க ரெண்டாவது தடவையும் காணாமப் போறாங்க.

சரி, அந்தக் காகிதம் எப்படித் தப்பிச்சது? கம்பெனிக்கு ஒரு பழக்கம் இருந்தது. முக்கியமான கடிதங்களுக்குப் பல நகல் எடுத்து வேற வேற கப்பல்ல அனுப்புவாங்க. ஒண்ணு முழுகினாலும் இன்னொண்ணு போய்ச் சேரும். ஒவ்வொரு கட்டோடவும் ஒரு பட்டியல் போகும், உள்ள என்னென்ன காகிதம் இருக்குன்னு. வாங்குறவர் டிக் அடிச்சுப் பாத்துக்கலாம். மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நகலோட அடியில ‘அக்கோர்தேர்ட்’னு ஒரு வார்த்தை எழுதி, எழுத்தர் கையெழுத்துப் போட்டிருப்பார். ‘மூலத்தோட ஒத்துப்போகிறது’ன்னு அர்த்தம். நம்ம ஊர்ல மார்க் ஷீட்டுக்குக் கெசட்டட் ஆபீசர்கிட்ட ‘அட்டஸ்டட்’ வாங்க அலைஞ்சோமே, அதேதான்.

கம்பெனிக்கு ஹாலந்துல ஆறு கிளை. அதுல ஆம்ஸ்டர்டாம், ஜீலாந்து ரெண்டோட ஆவணங்கள்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கு. டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்குய்சன் கிளைகளோடது பெரும்பாலும் போயே போச்சு. ஒரே இடத்துல மட்டும் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நம்ம எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் டச்சு ஆவணங்கள் இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி கொச்சி சம்பந்தப்பட்டது. பழவேற்காட்டோட கதையைத் தேடணும்னா ஹேக் நகரத்துக்கோ ஜகார்த்தாவுக்கோ போகணும். சென்னை, கொழும்பு, ஜகார்த்தா, கேப்டவுன், ஹேக்னு சிதறிக் கிடக்குற இந்தக் கம்பெனி ஆவணங்கள் மொத்தம் சுமார் 2.5 கோடிப் பக்கம். 2003ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்தது.

அப்ப எல்லாம் பத்திரம்தானேன்னா, இல்லை. அந்தக் காலத்து மையில இரும்பு உப்பும் அமிலமும் உண்டு. வருஷக்கணக்குல அது காகிதத்தை அரிச்சு, எழுத்து இருந்த இடத்துல ஓட்டை விழும். அலமாரியைப் பாத்தா கட்டு அப்படியே இருக்கும். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. ஃபைல் பேர் இருக்கும், அளவு அதேதான், உள்ள நாலு பிட் மாறியிருக்கும். ஜெனீவா செர்ன் ஆய்வுக்கூடத்துல 2007ல சோதிச்சப்பவே, எந்தப் பிழைச் செய்தியும் வராம தரவு சத்தமில்லாம கெடுறதைப் பாத்தாங்க. அதே வருஷம் கூகிள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராஞ்சு ஒரு கட்டுரை போட்டது. செத்துப்போன டிஸ்க்குகள்ல 56 சதவீதத்துக்கு மேல, முக்கியமான நாலு ‘ஸ்மார்ட்’ அறிகுறிகள்ல ஒண்ணைக்கூடக் காட்டலை. ஆனா முதல் ஸ்கேன் பிழை காட்டின டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகுற வாய்ப்பு பிழை காட்டாததைவிட 39 மடங்கு. அதாவது ஸ்மார்ட் எச்சரிச்சா உடனே நம்புங்க, எச்சரிக்கலைன்னா நம்பாதீங்க!

‘எங்கிட்ட ரெய்டு இருக்கு’ம்பாங்க சிலர். ரெண்டு டிஸ்க்ல ஒரே ஃபைல், சரி. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா எது சரி? ஏட்டுச்சுவடியில பாடபேதம் வந்த மாதிரிதான். உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாத்துத்தான் 1887ல சிந்தாமணியைப் பதிப்பிச்சார். நமக்கு அந்த அளவு பொறுமை வேண்டாம், செக்சம் இருக்கு. ஃபைல் நல்லா இருக்கும்போதே எஸ்.எச்.ஏ-256 எண்ணைக் கணக்குப் போட்டு ஒரு பட்டியல்ல வச்சுட்டா, பின்னாடி அதுதான் ‘அக்கோர்தேர்ட்’ கையெழுத்து. 2005ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். மாதிரி ஃபைல் சிஸ்டம்ல இது உள்ளேயே இருக்கு. ‘ஸ்க்ரப்’ ஓட விட்டா ஒவ்வொரு துண்டையும் படிச்சு, கெட்டுப்போனதை நல்ல நகல்ல இருந்து திருத்தும்.

எங்கிட்ட ரெண்டு டிஸ்க் போட்ட ஒரு பழைய பெட்டி இருக்கு. பழவேற்காட்டுப் படங்கள் எல்லாம் அதுலதான். மாசம் ஒரு ஸ்க்ரப், மாசம் ஒரு நீண்ட ஸ்மார்ட் சோதனை, வேற ஊர்ல உறவினர் வீட்டுல மூணாவது நகல், அதுக்கும் செக்சம். அவ்வளவுதான் என் சம்பிரதாயம். ஒரே கூரைக்குக் கீழ எத்தனை நகல் இருந்தாலும் வெள்ளம் வந்தா அது ஒரே நகல்தான்.

கல்லுக்கும் நகல் உண்டு. 1897ல அலெக்சாண்டர் ரியாங்கற தொல்லியல் அதிகாரி சென்னை மாகாணத்துல இருக்குற டச்சு நினைவுச் சின்னங்களைப் பத்தி ஒரு நூலே போட்டார். 1905ல ஜே.ஜே. காட்டன் மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்தார். உப்புக்காத்து அரிச்ச கல்லுல ஒரு எழுத்து தெரியலைன்னா அந்தப் பக்கங்களோட ஒப்பிட்டுப் பாக்கலாம். யாராவது ஒப்பிட்டாத்தான் எது போச்சுன்னே தெரியும்.

மீனவக் குப்பங்கள்ல இதுக்கு இன்னொரு வழி இருக்கு. ஏரியில இறால் பிடிக்குற இடங்களை முறை வச்சுச் சுத்தி வர்ற ‘பாடு’ வழக்கம். இன்னைக்கு எந்த இடம் யாருக்குங்கறது அவங்க பொழப்பு. ஒருத்தர் மாத்திச் சொன்னா பத்துப் பேர் திருத்திடுவாங்க. தினம் பயன்படுற பட்டியல் தினம் சரிபார்க்கப்படுது. ஆபத்தெல்லாம் யாரும் தொடாத பட்டியலுக்குத்தான்.

ஜியோசிட்டீஸ் 2009ல மூடினப்ப எத்தனை பக்கம் போச்சுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். உங்க பழைய பதிவுகள், தாத்தா படம், ஊர்க் கோயில் கல்வெட்டுப் படம் எல்லாம் எந்த டிஸ்க்ல இருக்கு? கடைசியா எப்பத் திறந்து பாத்தீங்க? இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து ஃபைலையாவது திறந்து பாருங்க. சரியா இருந்தா செக்சம் எடுத்து வச்சுடுங்க.