அணை அபாய வகைப்பாடு

ஓர் அணை உடைந்தால் கீழ்ப்பகுதியில் நேரக்கூடிய உயிர், உடைமை இழப்பைக் கொண்டு அணைகளைத் தரம் பிரிக்கும் முறை. கட்டுமானத்தின் வலிமையை இது அளப்பதில்லை. உறுதியான அணையும் ஊர்களுக்கு மேலே அமைந்திருந்தால் உயர் அபாயப் பிரிவில் சேரும்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் (2021) 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை, 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற வரம்புகளில் ஒன்றை எட்டினால் சட்டத்துக்குள் வரும். உரிமையாளர் அரசா தனியாரா என்ற வேறுபாடு இல்லை. எனினும் தனியார் நிலங்களிலுள்ள சிறு தடுப்பணைகளும் பண்ணைக்குட்டைகளும் பெரும்பாலும் இவ்வரம்புகளுக்கு உட்படுவதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை (முழு நீர்மட்டம் 119 அடி) சட்டத்துக்கு உட்பட்டது. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் இதிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அணை உடையாமலேயே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நிலைமைகளுக்காக, அணை உரிமையாளர் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது.