கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

ஜார்ஜ் டவுனில் மியூசியம் பார்க்கக் கிளம்பினால் ஒரு நாள் போதாது. சர்ச் ஸ்ட்ரீட்டில் கப்பித்தான் சுங் கெங் க்வீயின் மாளிகை இப்போது பெரானாக்கான் மியூசியம். ஆர்மீனியன் ஸ்ட்ரீட் 120ஆம் எண் வீட்டில் சன் யாட்-சென். லீத் ஸ்ட்ரீட்டில் சியோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகை. இரண்டு நாள் அலைந்ததில் ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் மியூசியம் என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீடு. வீடு இருந்தால் கட்டில் இருக்கும், பீங்கான் இருக்கும், சுவரில் முதலாளியின் படமும் இருக்கும். சரி, வீடே இல்லாமல் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களை எங்கே போய்ப் பார்ப்பது?

ஃபார்குவார் ஸ்ட்ரீட்டில் என்று நினைக்கிறேன். பழைய ஃப்ரீ ஸ்கூல் கட்டிடத்தில் 1965இல் மாநில அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய பினாங்குக் காட்சிகள்தாம் அதன் சேகரிப்பில் பேர்போனவை. பக்கத்திலேயே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை வடிவமைத்ததும் அதே ஸ்மித்தான். பிற்பாடு டெல்லி குதுப் மினாரின் உச்சியில் ஒரு மண்டபத்தை ஏற்றி, அது பொருந்தவில்லை என்று இறக்கி வைத்தார்களே, அதுவும் இவர் கைவேலைதான்!

தேவாலயம் 1818இல் எழுந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். கம்பெனி தன் கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பி ரோடு போட வைத்தது, பாலம் கட்ட வைத்தது. நீரிணைக் குடியேற்றங்களில் இந்த ஏற்பாடு 1873வரை நீடித்தது.

அப்படி வந்தவர்களில் சிவகங்கைக்காரர்களும் உண்டு. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் போராளிகள் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர் வைத்திருந்த இந்தப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது சின்னப் பையன்.

அவரைப் பிறகு பார்த்து எழுதி வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையில் போனவர். 1818இல் அவர் பினாங்கில் இருந்தபோது தளர்ந்துபோன ஓர் ஆள் எதிரே வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. 'துரைசாமி' என்று பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஊரில் மிச்சமிருந்த சொந்தங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக்கூட வெல்ஷுக்கு அனுமதி இல்லை. இதெல்லாம் 1830இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது.

தேவாலயம் எழுந்த அதே 1818. ஒரே ஊர்.

தேவாலயத்துக்கு எதிரே இன்னொரு மண்டபம் இருக்கிறது. தீவைக் கம்பெனிக்குப் பிடித்துக் கொடுத்த ஃபிரான்சிஸ் லைட்டின் நினைவாக 1886இல் கட்டியது. கார்ன்வாலிஸ் கோட்டையில் அவருக்குச் சிலையும் உண்டு, 1936இல் செய்தது. லைட்டின் படம் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தார்கள் என்பார்கள். முகம் கிடைக்காதவருக்கும் ஒரு முகம் தேடிக் கொடுத்தாயிற்று. நான் பார்த்த எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் துரைசாமியின் பெயர் இல்லை.

பினாங்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நமக்கும் மருது கதை தூக்குமேடையோடு முடிந்துவிடுகிறது. சிலை வைக்கிறோம், குருபூஜை நடத்துகிறோம். அதற்குப் பிறகு கப்பலேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த ஊர் நினைவு முதலாளியிடம் தொடங்குகிறது, நம் ஊர் நினைவு தியாகியிடம் முடிகிறது. நடுவில் உயிரோடு இருந்து, வயதாகி, ஒரு கடிதம் போடத் தவித்தவனுக்கு இரண்டிலும் இடமில்லை. சாகாமல் போனதுதான் அவன் குற்றமோ என்னவோ.

பினாங்கு போகிறவர்கள் மாளிகைகளை எல்லாம் பாருங்கள், அழகாகத்தான் இருக்கின்றன. அப்படியே ஃபார்குவார் ஸ்ட்ரீட்டுக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. அந்தத் தூண்களைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். கூட வருகிறவர்களிடம் துரைசாமி என்ற பெயரை ஒருமுறை சொல்லுங்கள், போதும்.