போடுவது சுலபம், எடுப்பது? – ஒரு சிலிகான் குழாயின் வரலாறு

பி.காம் படிக்கிறவன் மருந்தைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். இதிலும் வரவு, செலவு, ஒப்பந்தம் எல்லாம் இருக்கிறது. கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள். :-)

மாத்திரை போட்டால் என்ன நடக்கிறது? ரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறுகிறது, பிறகு மளமளவென்று இறங்குகிறது. நம் தேய்மானக் கணக்கில் வருகிற குறைந்து செல் மதிப்பு முறை மாதிரி. டாக்டர்களுக்கு வேண்டியதோ நேர்க்கோட்டு முறை! தினமும் ஒரே அளவு, நீண்ட காலத்துக்கு. அதற்கு மருந்தை ஏதோ ஒரு பொருளுக்குள் அடைத்து உடம்புக்குள் வைக்க வேண்டும். அந்தப் பொருளை உடம்பு சகித்துக்கொள்ளவும் வேண்டும். இப்படி உடம்போடு ஒத்துப்போகும் பொருள்களை உயிரிணக்கப் பொருள்கள் என்கிறார்கள்.

முதலில் கிடைத்தது சிலிகான் ரப்பர். இது உடம்புக்குள் தாக்குப்பிடிக்கும் என்று ஏற்கனவே தெரிந்திருந்தது. ஜான் ஹோல்ட்டர் என்ற அமெரிக்க மெக்கானிக், தலையில் நீர் கோத்த தன் மகனுக்காக 1950களின் நடுவில் செய்த வால்வு சிலிகானால் ஆனதுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை மருத்துவ மையத்தில் வேலை பார்த்த ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் என்ற இரண்டு டாக்டர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். சிலிகான் குழாயின் சுவர் வழியாகச் சில சாயங்கள் கசிந்து வெளியே வந்தன. சாயம் கசியும் என்றால் மருந்தும் கசியுமே! மருந்து அடைத்த சிலிகான் காப்ஸ்யூல்களை விலங்குகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 1964ல் வெளிவந்தது.

நியூயார்க்கில் உள்ள பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பு இதைக் கருத்தடைக்குப் பயன்படுத்த நினைத்தது. ஷெல்டன் செகல், சிலி நாட்டைச் சேர்ந்த ஹொராசியோ கிராக்சாட்டோ ஆகியோர் 1960களின் பாதியில் இறங்கினார்கள். நீண்ட கால உழைப்புக்குப் பிறகு பிறந்தது நார்பிளான்ட். தீக்குச்சி அளவில் ஆறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 36 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன். மேல்கையில் தோலுக்கு அடியில் வைத்தால் 5 வருடம் வேலை செய்யும். முதலில் கொஞ்சம் அதிகமாகக் கசியும், பிறகு ஏறக்குறைய ஒரே அளவு. 1983ல் பின்லாந்தும், 1990 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கருத்தரிப்பைத் தடுப்பதில் இது மிகச் சிறப்பாகவே வேலை செய்தது.

இனிமேல்தான் கதையே.

அனுமதி கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1991 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி, பிள்ளைகளை அடித்த வழக்கில் குற்றவாளியான ஒரு பெண்ணுக்கு, சிறைக்குப் பதிலான நன்னடத்தை நிபந்தனைகளில் ஒன்றாக நார்பிளான்ட்டைப் பொருத்த உத்தரவிட்டார்! கண்டுபிடித்த செகலே இப்படிக் கட்டாயப்படுத்துவதை வெளிப்படையாக எதிர்த்தார்.

அடுத்தது பணம். அமெரிக்காவில் ஒரு செட் விலை சுமார் 350 டாலர், பொருத்துவதற்கான கட்டணம் தனி. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் பொருத்தும் செலவை ஏற்றது. ஆனால் 5 வருடத்துக்கு முன்பே எடுக்க வேண்டுமென்றால், சில மாநிலங்களில் மருத்துவக் காரணம் காட்டச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வது காரணமாகாதா?

எடுப்பதும் லேசில்லை. சிலிகான் உடம்போடு ஒத்துப்போகிறது என்கிறோமே, அதன் உண்மையான அர்த்தம் என்ன தெரியுமா? உடம்பு அதைச் சொந்தமாக ஏற்றுக்கொள்வதில்லை. சுற்றிலும் நார் போன்ற மெல்லிய திசுவால் சுவர் கட்டி ஒதுக்கி வைக்கிறது. ஆழமாகவோ தாறுமாறாகவோ வைத்த குழாய்களை அந்தச் சுவருக்குள்ளிருந்து எடுக்கப் பழக்கம் வேண்டும். பொருத்தப் பழகிய அளவுக்கு எடுக்கப் பழகியவர்கள் இல்லை. வழக்குகள் குவிந்தன. 1999ல் தயாரிப்பு நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 36,000 பெண்களுக்குத் தலா 1,500 டாலர் தர முன்வந்தது. 2002ல் அமெரிக்க விற்பனையை அடியோடு நிறுத்திக்கொண்டது.

சரி, எடுக்கவே தேவையில்லாத பொருள் இருந்தால்? அதுவும் வந்தது. அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்பட்ட பாலிமர்களை மருந்துக்குத் திருப்பினார்கள். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சேர்ந்த இந்தப் பாலிமர், உடம்பில் மெல்லக் கரைந்து அந்த அமிலங்களாகவே பிரிந்துவிடும். மாதம் ஒரு ஊசி போதும் என்ற லூப்ரான் டிப்போ, புராஸ்டேட் புற்றுநோய்க்காக 1989ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இப்படித்தான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். குழாயையாவது கீறி எடுக்கலாம். ஊசியில் போன நுண்துகள்களை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அது கரையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கவனித்தார்கள் என்றே தோன்றுகிறது. அடுத்து வந்த ஜாடெல்லில் ஆறு குழாய் இரண்டானது. 2006ல் அமெரிக்க அனுமதி பெற்ற இம்ப்ளனானில் ஒரே ஒரு குச்சி. பொருளும் சிலிகான் அல்ல, எத்திலீன் வினைல் அசிடேட். இதே வகைப் பாலிமரில் புரதங்களை அடைத்து மெல்லக் கசியவிடலாம் என்று 1976ல் காட்டியவர்கள் ராபர்ட் லாங்கரும், நம் பழைய ஃபோக்மனும்தான்! அதற்குப் பின் வந்த நெக்ஸ்பிளனானில் எக்ஸ்ரேயில் தெரியும் வேதிப்பொருளையும் சேர்த்தார்கள். குச்சி எங்கே இருக்கிறதென்று தேடிப் பிடித்து எடுப்பதற்காக.

வணிகச் சட்டத்தில் ஒப்பந்தத்துக்குச் சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று படிக்கிறோம் இல்லையா? இங்கே அது மட்டும் போதாது. உள்ளே போகும்போது கேட்ட சம்மதத்தை, வெளியே வரும் வழியிலும் மதிக்க வேண்டும். ஒரு பொருள் திசுவோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. அதைச் சுமக்கும் மனிதரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, எடுப்பதற்கு ஆகும் செலவையும், எடுக்கத் தெரிந்த ஆளையும் முதல் நாளே கணக்கில் எழுதியாக வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அறிவியல் குரூப் நண்பர்கள் கட்டாயம் சொல்லுங்கள்!