வீட்டுக் கணினிக்குள்ளேயே இயங்கும் சாட்பாட்: அமைப்பது எப்படி?

மருத்துவ ரிப்போர்ட், குடும்பத் தகராறு, கடன் கணக்கு என எதையும் நம் வீட்டார் இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டுவிடுகிறார்கள். கேட்டவை எல்லாம் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. மொழி மாதிரியை நம் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

இதற்கு ஒல்லாமா என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதை நிறுவி, வேண்டிய மாதிரியை டவுன்லோடு செய்ய வேண்டும். கூகுள் 2025-இல் வெளியிட்ட ஜெம்மா 3 வரிசையில் 400 கோடி அளவுருக்கள் கொண்டது 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஓடும். அளவு சுமார் 3.3 ஜிபி. அதன்பின் இணையத்தைத் துண்டித்தாலும் பதில் வரும். கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் மெதுவாக வரும், பொறுமை வேண்டும்!

பெயரின் முடிவில் 'கிளவுட்' என்றிருக்கும் மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை வெளி சர்வரில் இயங்குபவை. ஓபன் வெப்யூஐ என்ற மென்பொருளையும் சேர்த்தால், வீட்டு வைஃபையில் உள்ள மொபைல்களிலிருந்தும் பேசலாம். பாட்ஃபாதரிடம் டோக்கன் வாங்கி டெலிகிராமில் இணைப்பவர்களும் உண்டு. ஆனால் அப்போது பேச்சு முழுவதும் டெலிகிராம் சர்வர் வழியாகத்தான் போகும். அந்தரங்கத்துக்காக இதைத் தொடங்கியவருக்கு அதில் என்ன பயன்?

சிறிய மாதிரிகள் தமிழில் தடுமாறும். இல்லாத ஹதீஸ் எண்ணைக்கூடத் தயங்காமல் சொல்லும். மார்க்கச் சட்டத்தை ஆலிமிடமும், மருந்தின் அளவை மருத்துவரிடமும் கேளுங்கள். ஆங்கிலக் கடிதம் திருத்தவும் பிள்ளைகளின் பாடத்தைச் சுருக்கவும் இது தாராளமாக உதவும்.