ஐந்தாம் குரோமோசோம் சொல்லும் செய்தி

முதியவர்களுக்கு ரத்தசோகை ஏற்பட்டால், 'வயதாகிவிட்டது' என்று கூறி இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கம். மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்தசோகையின் காரணம் சிலவேளைகளில் எலும்பு மஜ்ஜையில் இருக்கக்கூடும் என்பதை நினைவூட்டவே இதை எழுதுகிறேன்.

ரத்த அணுக்களின் பிறப்பிடம் மஜ்ஜை. அங்குள்ள மூல செல்கள் பழுதடைந்து, குறையுள்ள அணுக்களை உருவாக்கும் நோய் 'மயலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம்'. சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயாகவும் மாறுகிறது. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் மஜ்ஜை செல்களில் குரோமோசோம் பிறழ்வு காணப்படுகிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதன்று. வாழ்நாளின் இடையில் மஜ்ஜையில் தோன்றுவது.

5-ஆவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி இல்லாமற்போவது இவற்றுள் ஒன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் டென் பெர்க்கேயும் அவருடைய சகாக்களும் 1974-இல் இதை விவரித்தனர். இதற்கு மருந்து வந்த வழி வியப்புக்குரியது. கர்ப்பிணிகள் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறக்கக் காரணமாகி, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடின் வழித்தோன்றலான லெனலிடோமைடே அம்மருந்து. 2005-இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. 2006-இல் வெளியான ஆய்வில், இப்பிறழ்வு கொண்ட 148 பேரில் 99 பேருக்கு ரத்தம் ஏற்றும் தேவையே நீங்கியது. பழுதான செல்லில் ஏற்கெனவே குறைந்திருக்கும் ஒரு புரதத்தை மருந்து மேலும் சிதைப்பதால் அந்த செல் மடிகிறது. நலமான செல் தாக்குப்பிடிக்கிறது. எனினும், வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பு அவசியம்.

மாறாக, 7-ஆவது குரோமோசோம்களுள் ஒன்று முழுமையாக இல்லாதவர்களுக்கு நோய் தீவிரமடையும் வாய்ப்பு அதிகம். உடல்நிலை இடங்கொடுத்தால், கொடையாளரின் மூல செல் மாற்று சிகிச்சையைக் காலந்தாழ்த்தாமல் பரிசீலிக்க வேண்டியிருக்கும். நோயின் பெயர் ஒன்றே. சிகிச்சையோ வேறு வேறு.

இந்த வேறுபாட்டை அணுக்களின் தோற்றத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய இயலாது. எனவே, இந்நோய் ஐயப்படும் ஒவ்வொருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை கட்டாயம் என்பதே என் கருத்து. வழக்கமான குரோமோசோம் பரிசோதனைக்கு உயிருள்ள செல்கள் தேவை. ஆகவே, மஜ்ஜை எடுக்கும்போதே இதற்கும் சேர்த்து மாதிரி எடுக்கப்படுகிறதா என்று குடும்பத்தினர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அவ்வொரு கேள்வி, காலமெல்லாம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் துன்பத்திலிருந்து ஒருவரை விடுவிக்கலாம்.