சுவானெங் குன்றுப் பள்ளி



ஊதியத்தைப் பெரிதாகக் கருதாமல், முன்பின் அறியாத நாட்டிற்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுப்பவர்களைத் தொண்டர் ஆசிரியர்கள் என்கிறோம். நமக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். பிரிட்டனில் அலெக் டிக்சன் 1958-ஆம் ஆண்டில் தொடங்கிய தொண்டர் இயக்கம், தன் முதல் இளைஞர்களுள் சிலரைச் சரவாக்கிற்கு அனுப்பியது. ‘பீஸ் கோர்’ என்னும் அமெரிக்கத் தொண்டர்கள் 1962 முதல் 1983 வரை நம் நாட்டிலும் பணியாற்றினர்.

தொண்டர் வருவார்; ஓரிரண்டு ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுவார். அவர் போன பின்பு அங்கே நிலைத்து நிற்பது என்ன? இந்தக் கேள்விக்கு விடை காண முயன்ற ஒரு பள்ளியின் வரலாற்றை இன்று பார்ப்போம். அது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், செரோவே என்னும் ஊரில் எழுந்த சுவானெங் குன்றுப் பள்ளி.

இன்று போட்ஸ்வானா எனப்படும் நாடு, 1966 செப்டம்பர் 30-ஆம் நாள் விடுதலை பெறும் வரை பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. நாட்டின் பெரும்பகுதி கலஹாரி மணல்வெளி. அங்கே மழைக்குப் ‘பூலா’ என்று பெயர். மக்கள் வாழ்த்துக் கூறுவதும் அதே சொல்லால்தான். 1976-இல் வெளியிட்ட நாணயத்திற்கும் அப்பெயரையே சூட்டினார்கள். மழை எவ்வளவு அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் கடும் வறட்சி ஏற்பட்டு, கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. விடுதலை நாளில் நாட்டில் இருந்த பட்டதாரிகள் சுமார் 22 பேர் என்பார்கள்.

பள்ளியைத் தொடங்கியவர் பேட்ரிக் வான் ரென்ஸ்பர்க். இவர் 1931-இல் பிறந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர். தம் நாட்டின் துணைத் தூதராகப் பெல்ஜியக் காங்கோவில் பணியாற்றிய இவர், அரசாங்கத்தின் நிறவெறிக் கொள்கையை ஏற்க மனம் ஒப்பாமல் 1957-இல் பதவியைத் துறந்தார். பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, 1962-இல் மனைவி எலிசபெத்துடன் செரோவேக்கு வந்து சேர்ந்தார். 1963 பிப்ரவரியில் 28 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது.

பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியரும் போதவில்லை. அழைப்பை ஏற்றுப் பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். விடுதலைக்குப் பின் அமெரிக்கத் தொண்டர்களும் வந்தனர்.

அவர்களுடைய பயணமே ஒரு பாடமாக இருந்தது. கேப் டவுனிலிருந்து மாஃபெகிங் வழியாகப் புலவாயோ செல்லும் ரயில் பாதைதான் அந்நாட்டின் முதுகெலும்பு. அந்த ரயில் தென்னாப்பிரிக்க மண்ணில் ஓடும்போது வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கறுப்பர்க்கு ஒரு பெட்டி. பலாப்பியே நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து செரோவேக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மண்பாதை. பாடம் நடத்த வந்தவர்கள், தாம் பணியாற்றப் போகும் சிறுநாட்டைச் சூழ்ந்திருக்கும் ஆபத்து எத்தகையது என்பதை வழியிலேயே கண்டுகொண்டார்கள்.

எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். பெஸ்ஸி ஹெட் என்னும் பெண்மணி 1964-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து செரோவேக்கு ஆசிரியையாக வந்தார். மீண்டும் நாடு திரும்பக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவருக்கு வெளியேற அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகி, செரோவேயின் வரலாற்றை ஊர் மக்களின் வாய்மொழியாகவே கேட்டு 1981-இல் நூலாக வெளியிட்டார்.

சுவானெங் பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கட்டடம் எழுப்பினர். பாடநேரம் போக எஞ்சிய நேரத்தில் கல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். செலவைக் குறைப்பது மட்டும் நோக்கமன்று. ஏழை நாட்டில் ஒரு சிலர் படிப்பது பலருடைய உழைப்பினால்தான். ஆகவே படித்தவன் அந்த உழைப்பில் பங்கு கொள்ள வேண்டும் என்பது வான் ரென்ஸ்பர்க்கின் கொள்கை.

எழுத்தில் இது அழகான கொள்கை. நடைமுறையில் எளிதாக இருந்ததா? இல்லை. பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, அவன் அலுவலகத்தில் அமர வேண்டும் என்பதற்காக. கட்டாய உழைப்பின் கசப்பும் அம்மக்களுக்குப் பழக்கமானதே. 1949-இல் திறக்கப்பட்ட மோயெங் கல்லூரியை எழுப்ப, ஆட்சித் தலைவர் செகேடி காமா வயதுவாரியான குழுக்களைக் கூலியின்றி வேலை வாங்கியிருந்தார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தொண்டருக்குக் கல் சுமப்பது தாமே விரும்பி ஏற்ற வேலை. களைத்துப் போனால் ஊர் திரும்பலாம். அங்கே பட்டமும் பதவியும் காத்திருக்கும். மாணவனுக்கோ, எந்த வாழ்விலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கு வந்தானோ அதே வாழ்வுதான் அந்தக் கல். இருவரும் சுமந்த கல் ஒன்று, பாரம் ஒன்றல்ல. இதை உணராத தொண்டு எவ்வளவு தூய்மையானதாயினும் நெஞ்சில் பதியாது.

பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றவர்களையும் வான் ரென்ஸ்பர்க் மறக்கவில்லை. தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்காக 1965-இல் கட்டடத் தொழிலாளர் ‘பிரிகேடு’ என்னும் பயிற்சிக் குழுவை அமைத்தார். இளைஞர்கள் கட்டடம் கட்டியபடியே தொழில் கற்றார்கள். அந்த வேலையில் கிடைத்த வருவாய் பயிற்சிச் செலவுக்கு உதவியது. கூடவே வகுப்பறைப் பாடமும் உண்டு. தச்சு, வேளாண்மை, நெசவு, தோல் பதனிடுதல் என்று குழுக்கள் பெருகி, மற்ற ஊர்களுக்கும் பரவின.

வைரச் சுரங்கங்கள் 1971 முதல் செயற்படத் தொடங்கியபின் நாட்டின் வறுமை நீங்கத் தொடங்கியது. சுவானெங், அரசாங்க இடைநிலைப் பள்ளியாயிற்று. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கல் சுமந்த காலம் கதையாயிற்று. வான் ரென்ஸ்பர்க்கிற்கு 1981-இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது. அவர் 2017-இல் காலமானார்.

தொண்டர்கள் போனபின் நின்றது என்ன? கட்டடங்கள் நின்றன. அவற்றைக் காட்டிலும் மேலாக, சுவர் எழுப்பக் கற்ற இளைஞர்கள் நின்றார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டைக் கட்ட எவரும் கப்பலேறி வரவேண்டியதில்லை.

நேயர்களே, நான் தோட்டப் பள்ளியில் பணியேற்ற புதிதில், பாடம் ஒப்பிக்காத மாணவனிடம், “படிக்காவிட்டால் உன் அப்பாவைப் போலச் செம்பனைக் குலை வெட்டத்தான் போகவேண்டும்” என்று கடிந்துகொள்வேன். ஊக்கப்படுத்துவதாகவே எண்ணியிருந்தேன். அவன் வாய்திறக்காமல் தலைகுனிந்து நிற்பான். அந்தக் குலையை வெட்டிய கையல்லவா அவனுக்குச் சீருடை வாங்கித் தந்தது? சுவானெங் வரலாற்றைப் படித்தபின் அந்தச் சொல்லை நான் மீண்டும் சொன்னதில்லை. பிள்ளைகள் தோட்டத்தை விட்டு உயர்ந்து போகட்டும். ஆனால் தந்தையின் உழைப்பைத் தாழ்வாக எண்ணக் கற்றுக்கொண்டு போகவேண்டாம்.